மொழித் தேர்வு யாருக்காக? புதுச்சேரியிலிருந்து சில கேள்விகள்

பிரான்சில் குடியேறும் வெளிநாட்டவர் பிரெஞ்சு மொழியில் தேர்வெழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனை 2026 ஜனவரி 1 முதல் மேலும் கடுமையாகியிருக்கிறது. 2024 ஜனவரி 26 நாளிட்ட குடியேற்றச் சட்டம் இதற்கு அடிப்படை. பல ஆண்டுகளுக்கான குடியிருப்பு அட்டைக்கு ‘ஏ2’, 10 ஆண்டு அட்டைக்கு ‘பி1’, குடியுரிமைக்கு ‘பி2’ என ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி மூன்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஏ2 என்பது கடையிலும் மருத்துவமனையிலும் எளிய வாக்கியங்களில் பேசிச் சமாளிக்கும் நிலை. பி2 அப்படியன்று. ஒரு பொருளைப் பற்றித் தன் நிலைப்பாட்டைக் காரணங்களோடு எடுத்துவைத்து, முறையான நடையில் எழுத வேண்டும். பிரெஞ்சு மொழியிலேயே வளர்ந்த தன்னார்வலர்கள் சிலரை 2025இல் அந்நாட்டுப் பொதுத்துறைச் செய்தி நிறுவனம் இந்த அளவிலான தேர்வை எழுதவைத்துப் பார்த்தபோது, அவர்களிலேயே தேறாதவர்கள் இருந்தார்கள்.

புதுச்சேரிக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் பதிவு பெற்ற பிரெஞ்சுக் குடிமக்கள் இன்றும் இங்கே சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வில்லியனூர், பாகூர், கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து அந்தக் குடும்பங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாரீசின் வடக்குப் புறநகர்களுக்குச் செல்லும் பெண்ணைத்தான் மேற்சொன்ன சட்டம் தேர்வு மேசையில் உட்காரவைக்கிறது. அவளுடைய கணவர் பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகன். அவருக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்தும் பிரெஞ்சில் நாலு வாக்கியம் தொடர்ந்து பேச முடியாதவர்கள் பலர் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. அதைக் குறையாக இங்கே சொல்லவில்லை. அரசுகள் மொழியை எப்போது கேட்கின்றன, எப்போது கேட்பதில்லை என்பதே நம் கேள்வி.

கையொப்பம் போதுமாக இருந்த காலம்

1881 செப்டம்பர் 21 நாளிட்ட ஆணை பிரெஞ்சிந்திய வரலாற்றில் தனியிடம் பெற்றது. இந்து, முஸ்லிம், கிறித்தவ வழக்காறுகளின்படி தம்மை ஆண்டுவந்த தனிநிலைச் சட்டத்தைத் துறப்பதாக ஒருவர் அறிவித்துவிட்டால், அவரும் அவர் வழிவந்தோரும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வந்தனர். அறிவிப்போடு ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். இவர்களே ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தோர் எனப்பட்டனர். இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873இல் நடவடிக்கைக்கு ஆளாகி, பாரீஸ் வரை வழக்கை எடுத்துச் சென்று வென்றவர் அவர்.

துறந்தோரில் பெரும்பகுதியினர் தலித் மக்களும் கிறித்தவர்களும். காரணம் எளியது. மனுவின் பெயரால் நடந்த வழக்காற்றுச் சட்டத்தில் இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆதிக்கச் சாதியினர் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் ‘எங்கள் பழக்கவழக்கத்தில் கை வைக்காதே’ என்று எதிர்த்து நின்றார்கள். ‘சாதியை விட்டவன்’ என்ற சொல்லை ஏளனமாக அவர்கள் வீசியபோது, சேரியில் இருந்தவர் அதை ஒரு வாசலாகக் கண்டார்.

அந்த வாசலில் மொழித் தேர்வு இல்லை. துறப்பு அறிவிப்பில் கையொப்பமிட்ட கூலித் தொழிலாளிக்கோ சமையற்காரருக்கோ பிரெஞ்சு தெரிய வேண்டும் என்று எவரும் நிபந்தனை வைக்கவில்லை. மொழியைக் கேட்காமலேயே அவர்களை விலக்கும் வழி மட்டும் ஆட்சியாளருக்குத் தெரிந்திருந்தது. 1884இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், துறந்தோர், துறக்காதோர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சட்டத்தின் முன் சமம் என்று சொல்லி மூன்றே ஆண்டுகளில், வாக்குச் சாவடியில் வெள்ளையருக்குத் தனி வரிசை போட்டுவிட்டார்கள்.

பின்னர் பிரெஞ்சுப் படைக்கும் இந்தோசீனக் காலனிகளின் அலுவலகங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. துறந்தோர் குடும்பங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பலர் படைவீரர் ஆனார்கள். புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்ற சொல் அப்படித்தான் நிலைத்தது. துப்பாக்கி ஏந்த, அணிவகுக்க, சாகப் போதுமான பிரெஞ்சைப் படைமுகாமே கற்றுக் கொடுத்தது. ஓய்வூதியம் வந்த பிறகு சேரியின் குடிசைகள் சில மாடிவீடுகளாயின. ஊர்த்தெருவுக்கு அது கண்ணை உறுத்தியது. இன்று அதே ஊர்த்தெருக்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்கு என்ன விலை போகிறது என்பதைத் திருமணத் தரகர்களைக் கேட்டால் தெரியும்.

1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தமும் மொழியைக் கேட்கவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாவர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. எழுத்து மூலம் என்ற இரு சொற்கள் எத்தனை கூலிக் குடும்பங்களை வெளியே நிறுத்தியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். செய்தி எட்டிய குடும்பத்தின் பேரன் இன்று லா கூர்நெவில் குடிமகன். அதே தெருவில் செய்தி எட்டாத குடும்பத்தின் பேத்தி அவனை மணந்து போகும்போது வெளிநாட்டவள், தேர்வெழுத வேண்டியவள்.

மறுக்கப்பட்டதையே தகுதியாகக் கேட்பது

மொழியை முதலில் மறுத்துவிட்டுப் பிறகு அதையே தகுதியாகக் கேட்பது நமக்குப் பழக்கமான உத்தி. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமற்கிருதம் படிக்க விரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துத்தான் அவர் படிப்பைத் தொடர வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் தாமே முயன்று அம்மொழியைக் கற்று, சாத்திரங்களை அவற்றின் மூலத்தைக் காட்டியே உடைத்தபோது, ‘இவருக்குச் சமற்கிருதம் தெரியுமா’ என்று கேட்டவர்கள் அவருக்கு அதை மறுத்த அதே கூட்டத்தார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கல்வியின் தொடக்கமும் இதற்கு விலக்கன்று. 1820களின் பிற்பகுதியில் இங்கே பள்ளிகள் திறக்கப்பட்டபோது ஐரோப்பியருக்கு ஒன்று, சாதி இந்துக்களுக்கு ஒன்று, தலித் குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய நூற்றாண்டில் தேவாலயத்துக்குள் தலித் கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பேசுகிறது. பிரெஞ்சுக் கொடியின் கீழும் சாதி தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. நல்ல பிரெஞ்சு யாருக்குக் கிடைத்தது, படைமுகாமின் பிரெஞ்சு யாருக்குக் கிடைத்தது என்பதும் அதற்கேற்பவே அமைந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்களின் எழுத்தறிவு 64.6 விழுக்காடு; பட்டியல் சாதிப் பெண்களின் எழுத்தறிவு 56.5 விழுக்காடு. புதுச்சேரியிலும் வட தமிழ்நாட்டிலும் நிலை இதைவிட மேல் என்றாலும், இடைவெளி மறைந்துவிடவில்லை. சென்னையிலோ புதுச்சேரியிலோ தனியார் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சைப் பாடமாக எடுத்த மாணவிக்கு ஏ2 ஒரு சடங்கு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு அது முதல் அயல்மொழி, முதல் கணினித் திரை, முதல் தேர்வுக்கட்டணம். பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவரை மனத்தில் கொண்டவை. ஆகவே தமிழ் மட்டும் தெரிந்தவள் ஒரு மொழியைக் கற்க இரண்டு மொழிகளைக் கடக்க வேண்டும்.

எல்லைகளில் வைக்கப்பட்ட மொழித் தேர்வுகளின் வரலாறு நம் ஐயத்தை உறுதிசெய்கிறது. 1901இல் ஆத்திரேலியா கொண்டுவந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வருகிறவருக்கு அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார். பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் பல மொழிகள் அறிந்த எகோன் கிஷ் என்ற எழுத்தாளரைத் தடுக்க வேண்டியிருந்தபோது, ஸ்காத்லாந்தின் கேலிக் மொழியில் சொல்லெழுத்து வைத்தார்கள். அந்தத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்த எழுத்தறிவுத் தேர்வுகளை ஒழிக்க 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. இன்றைய பிரெஞ்சுத் தேர்வு அத்தகைய மோசடி அன்று. வினாத்தாள் எல்லோருக்கும் ஒரே தரம்தான். ஆனால் ஒரே வினாத்தாள் என்பதே சமம் என்று வாதிடுவோரை நாம் இடஒதுக்கீட்டு விவாதத்தில் நாள்தோறும் சந்திக்கிறோம்.

மொழி வேண்டாம் என்பதன்று

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். குடியேறிய நாட்டின் மொழி தெரியாமல் வாழ்வது உரிமை அன்று, சிறை. சார்செல், லா கூர்நெவ் போன்ற புறநகர்களில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிடலாம். லா சப்பலின் கடைத்தெருவில் காய்கறி முதல் தாலிக்கொடி வரை தமிழிலேயே வாங்கலாம். ஆனால் கணவன் அடித்தால் காவல் நிலையத்தில் சொல்லத் தமிழ் உதவாது. மருத்துவரிடம் கணவனையே மொழிபெயர்ப்பாளனாக அழைத்துப் போக வேண்டிய பெண் எதைச் சொல்வாள், எதை மறைப்பாள்? உணவகச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறவருக்கு ஊதியச் சீட்டைப் படிக்கத் தெரியாதவரை, தமிழ் முதலாளியின் சொல்லே சட்டம். மொழி தெரியாதவரைச் சுரண்ட வெள்ளைக்காரர் வேண்டியதில்லை.

மேலும், ஆள்வோரின் மொழியைக் கற்பதை அடிமைத்தனமாகக் கருதும் மரபு தலித் அரசியலுக்கு இல்லை. ஆங்கிலம் நமக்குப் பல இடங்களில் ஆயுதமாயிற்று. ஆகவே ‘பண்பாட்டைக் காக்கப் பிரெஞ்சு கற்கமாட்டோம்’ என்ற குரல் நம் குரலாக இருக்க முடியாது. அந்தப் பண்பாட்டுக் காவலர்கள் பாரீசிலும் சாதிச் சங்கக் கூட்டம் நடத்துகிறவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள்.

சிக்கல் மொழியில் இல்லை. கடமை யார்மேல் சுமத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. முன்பிருந்த முறையில், புதிதாக வருபவரோடு பிரெஞ்சு அரசு ஓர் ஒருங்கிணைவு ஒப்பந்தம் செய்துகொள்ளும். தேவைக்கேற்ப நூற்றுக்கணக்கான மணிநேர வகுப்புகளை இலவசமாகத் தரும். வகுப்புக்கு ஒழுங்காக வந்தாரா என்று பார்க்கும். கற்றுக்கொடுப்பது அரசின் பொறுப்பு, வந்து அமர்வது குடியேறியவரின் பொறுப்பு. புதிய சட்டம் வருகையை விட்டுவிட்டு முடிவைக் கேட்கிறது. விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வரும் பெண் வகுப்பில் தூங்கிவிழாமல் எல்லா நாளும் அமர்ந்திருந்தாலும், தேர்வில் தேறவில்லையெனில் பல ஆண்டு அட்டை இல்லை. ஓராண்டு அட்டையோடு ஒவ்வோர் ஆண்டும் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். கணவனைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து பெண்ணை மீட்கத்தான் மொழிச் சட்டம் என்கிறார்கள். தேறாதவளை அது மேலும் ஓராண்டு, மேலும் ஓராண்டு என்று அவனையே சார்ந்திருக்கச் செய்கிறது.

பிரித்தானியாவில் 2010 நவம்பர் முதல், வாழ்க்கைத்துணையாக வருவோர் புறப்படும் முன்பே ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். அந்த விதி 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. விதியை நீதிமன்றம் நீக்கவில்லை. ஆனால் பயிற்சிக்கோ தேர்வுக்கோ நடைமுறையில் வழியே இல்லாத ஊர்களில் இருப்பவருக்கும் அதை அப்படியே பொருத்துவது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறக்கூடும் என்று சுட்டியது. பிரான்சும் 2007 சட்டத்தின்வழி புறப்படும் நாட்டிலேயே மொழித்திறனைச் சோதித்துப் பார்த்து, 2016இல் அதைக் கைவிட்டது. எட்டாத இடத்தில் கல்வியை வைத்துவிட்டு அருகில் தேர்வை வைப்பது நியாயமன்று என்பதை ஐரோப்பாவே ஓரளவு அறிந்திருக்கிறது.

தமிழ் தெரிந்தும் திறக்காத கதவு

மொழி கற்றால் நாடு உன்னை ஏற்கும் என்ற வாக்குறுதி உண்மைதானா என்று பார்க்க நாம் பாரீசுக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சிறிது தொலைவு சென்றால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாம் உள்ளது. 2021இல் தமிழ்நாடு அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது.

1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்திலும் ஒரு மொழி நிபந்தனை இருக்கிறது. இயல்புரிமை வழியில் குடியுரிமை கேட்பவர், அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ளது. முகாமில் பிறந்து இங்கேயே பள்ளிக்குப் போன இளைஞரைவிட இந்த நிபந்தனையை நிறைவு செய்பவர் யார்? ஆயினும் அவர்கள் சட்டத்தின் கண்ணில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. அந்த முத்திரை விழுந்தவருக்கு இயல்புரிமை வழியும் பதிவு வழியும் அடைக்கப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது குடியுரிமை ஆகாது.

இம்முகாம்களில் உள்ளோரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். தஞ்சை, திருச்சி, சேலம் வட்டாரங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட கூலிகளின் வழித்தோன்றல்கள். அவர்களில் தலித் மக்களே மிகுதி. 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. கணக்கில் விடுபட்டும் கலவரங்களுக்கு அஞ்சியும் பின்னர் வந்தவர்கள் முகாம்களில் தங்கிவிட்டார்கள். அத்தகைய 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் வேர் இம்மண்ணில் இருப்பதைச் சுட்டி, குடியுரிமை கோரிக்கைகளைப் பரிசீலிக்கச் சொன்னது. மொழி, வேர் இரண்டும் இருந்தும் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1881இல் பிரான்சுக்குக் குடிமக்கள் தேவைப்பட்டார்கள், மொழி கேட்கப்படவில்லை. இன்று குடியேறிகளைக் குறைப்பது அங்கே வாக்கு வாங்கும் அரசியல், மொழி கேட்கப்படுகிறது. இந்தியா மொழியைக் கேட்கிறது, அதைக் கொண்டுவந்து நிற்பவரிடம் வேறு காரணம் சொல்கிறது.

நம் ஊருக்கு வந்தவர்கள்

அடுத்தவரைக் கேட்கும் கேள்வியை நமக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளிலும், நகரெங்கும் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும், உணவகச் சமையற்கட்டுகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம், சார்க்கண்டு மாநிலத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். அவர்களில் பலர் தலித், பழங்குடி மக்கள். ‘வடக்கன்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களின் சாதியும் வறுமையும் மறைக்கப்பட்டு, ஒட்டுமொத்த இந்தித் திணிப்பின் முகவர்களாக அவர்கள் காட்டப்படுகிறார்கள். ‘பிழைக்க வந்தவன் தமிழ் கற்றுக்கொள்’ என்ற முழக்கம் சமூக ஊடகங்களில் எளிதாகக் கைதட்டல் பெறுகிறது. இந்தியைத் திணிப்பவர் தில்லியில் இருக்கிறார். ஏச்சு வாங்குபவர் சாரத்தின் மேல் செங்கல் சுமப்பவர்.

மொழிவழி மாநிலங்களைப் பற்றி 1955இல் எழுதியபோது அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தது இதையே ஒட்டியது. மொழியின் பெயரால் அமையும் பெரும்பான்மை, உள்ளபடியே ஓர் ஆதிக்கச் சாதியின் பெரும்பான்மையாக இருந்துவிடலாம் என்பது அவர் கவலை. தமிழ் பேசுகிறோம் என்பதற்காக வேங்கைவயல் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்காமல் விட்டார்களா? ஒரே மொழி பேசுவோருக்குள்ளும் புதுச்சேரியில் ‘பூர்வீகம்’, ‘குடிபெயர்ந்தோர்’ என்று பட்டியல் சாதியினரைப் பிரித்து நடக்கும் வழக்காடல் தனிக் கட்டுரைக்கு உரியது.

அந்தத் தொழிலாளர்களுக்கும் தமிழ் தேவை. ஒப்பந்தக்காரர் கூலியைப் பிடித்துக்கொள்ளும்போது தொழிலாளர் அலுவலகத்தில் பேசத் தேவை, விபத்து நேர்ந்தால் மருத்துவமனையில் பேசத் தேவை. பாரீசில் நம் பெண்ணுக்குப் பிரெஞ்சு எதற்காக வேண்டுமோ, அதற்காகவே. தமிழ்நாட்டில் புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சியைப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியிருக்கிறது. தேர்வும் இல்லை, தண்டனையும் இல்லை. பெரியவர்களுக்கும் அது நீள வேண்டும். சேதராப்பட்டை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில், வேலை நேரம் முடிந்த பின் மாலை ஏழு மணிக்கு, ஓர் அறையும் ஊதியம் பெறும் ஓர் ஆசிரியரும் இருந்தால் புதுச்சேரி அரசு இதை அடுத்த மாதமே தொடங்கலாம். அதே கட்டடத்தின் அடுத்த அறையில், பாரீசுக்குப் புறப்படக் காத்திருக்கும் பெண்களுக்குத் தமிழ் வழியாகப் பிரெஞ்சு கற்பிக்கும் வகுப்பு ஒன்றை நடத்துமாறு பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தை ஆதிதிராவிடர் நலத் துறை கேட்கலாம்.